பழைய டர்போ காருக்கு ரப்பர் வைத்தியம்

கார் வந்து இறங்கிய அன்று அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இது ஓடுமா கண்ணு?"

ஓடாது என்றேன்.

"அப்புறம் எதுக்கு லாரியில ஏத்திக் கொண்டாந்த?"

அதற்கு உருப்படியாகப் பதில் சொல்ல எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.

வண்டி 1987-ம் வருடத்து போர்ஷே 944 டர்போ. சிவப்பு. கனடாவின் ஹாமில்டன் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருடம் அசையாமல் நின்றது. நான் இருப்பது பிராம்ப்டனில். ஒரு கார் நிற்கிற கராஜ், அதிலும் பாதியை ஸ்னோ புளோயரும் குழந்தைகளின் சைக்கிளும் பிடித்துக்கொண்டிருக்கும்.

போர்ஷே என்றால் பின்னால் என்ஜின் வைத்த 911-தான் பலருக்கும் ஞாபகம் வரும். 944 வேறு ரகம். என்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்சக்கரங்களுக்கு நடுவில். இரண்டையும் ஒரு நீளக் குழாய் இணைக்கிறது, அதற்குள் தண்டு சுழல்கிறது. அதனால் எடை முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்ட சரிபாதி. 2.5 லிட்டர், நாலே சிலிண்டர். அதே கம்பெனியின் 928 காரில் இருந்த வி-8 என்ஜினைப் பாதியாக அறுத்த மாதிரி என்பார்கள், பெருமளவு உண்மைதான். 1985-ல் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற விசிறி) வைத்த மாடல் வந்தபோது 220 குதிரைசக்தி. பாடி முழுக்க துத்தநாகப் பூச்சு. குளிர்காலத்தில் ரோட்டுக்கெல்லாம் உப்புக் கொட்டுகிற ஒன்டாரியோவில் இத்தனை வருடம் கழித்தும் தரையில் ஓட்டை விழாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். தரைவிரிப்பைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடு நன்றாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

இரும்பைப் பார்த்து வாங்கியவன் ரப்பரைப் பார்க்கவில்லை. இந்தக் கதை முழுக்க ரப்பர்தான்.

பழைய கார் வாங்கியவனுக்கு முதல் நாள் வருகிற ஆசை ஒன்று உண்டு: பேட்டரி போட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடலாமே என்று. இந்தக் காரில் அதைச் செய்தால் செத்தோம். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று இடிக்கிற என்ஜின் இது. பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டேன். மறுநாள் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற பிரதான தண்டு) போல்ட்டில் 24 சைஸ் சாக்கெட்டைப் போட்டுக் கையால் சுற்றினேன். கடிகாரம் சுற்றுகிற பக்கமாக மட்டும், எதிர்ப்பக்கம் கூடவே கூடாது. முதல் அரைச் சுற்று கனமாக இருந்தது, அப்புறம் வெண்ணெய் மாதிரி வந்தது. அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது.

பெல்ட் ஒன்றல்ல, இரண்டு. நாலு சிலிண்டரில் 2.5 லிட்டர் என்றால் என்ஜின் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்க, கிராங்கைவிட இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு பேலன்ஸ் தண்டுகளை வைத்தார்கள். அதற்கான காப்புரிமை மிட்சுபிஷியிடம் இருந்ததால் அவர்களுக்குப் பணம் கட்டித்தான் போர்ஷே இதைப் பயன்படுத்தியது. அந்தத் தண்டுகளைச் சுற்றுவது இரண்டாவது பெல்ட். அது அறுந்தால் தனக்கு மட்டும் கேடு வராது, பக்கத்து டைமிங் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஆகவே இரண்டு பெல்ட், எல்லா ரோலர்கள், முன்பக்க ஆயில் சீல்கள், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவையில். பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அது ஒழுகினால் அதே பெல்ட்டுகளை மறுபடி கழற்றவேண்டி வரும்.

கழற்றிய டைமிங் பெல்ட்டை உள்பக்கமாக மடக்கிப் பார்த்தேன். பல்லுக்குப் பல் வெடிப்பு. அன்றைக்குச் சாவியைத் திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அடுத்தது டர்போ. இந்தக் காரில் அதை வைத்திருக்கிற இடமே ஒரு கூத்து. புகை வெளியேறுவது என்ஜினின் ஒரு பக்கம், டர்போ இருப்பது எதிர்ப்பக்கம், காற்றை உள்ளே கொண்டுபோகிற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். நடுவில் புகையைக் கொண்டுபோக ஒரு குறுக்குக் குழாய். டர்போவைத் தொட வேண்டுமென்றால் மேலே இருக்கிற அத்தனையையும் கழற்றியாக வேண்டும். கழற்றினால் அடியில் தெரிவது வாக்குவம் குழாய்களின் காடு. விரலால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கின. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பிஸ்டன் தேயவில்லை, பேரிங் தேயவில்லை, டர்போவின் தண்டுகூட அதிகம் ஆடவில்லை. சாகாத இரும்புக்கு நடுவே செத்துக் கிடந்ததெல்லாம் ரப்பர்.

பெட்ரோல் குழாய்களைத்தான் முதலில் மாற்றினேன். சூடான என்ஜினுக்கு மேலேயே பெட்ரோல் குழாய் போகிற வண்டி இது. குழாய் விறைத்து வெடித்தால் கார் எரிந்துபோகும். மேட்டர் முடிந்தது. கராஜில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று வாங்கி மாட்டியதும் அதே வாரம்தான். டாங்கில் இருந்த பதினோரு வருடத்துப் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அந்தச் சட்டையை மனைவி துவைக்க மறுத்துவிட்டாள், நியாயம்தான்.

குறுக்குக் குழாயைக் கழற்றும்போது என்ஜின் ஹெட்டில் புகைக் குழாயைப் பிடித்து நிற்கிற திருகு (எக்ஸாஸ்ட் ஸ்டட்) ஒன்று ஒடிந்தது. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு, முப்பது வருடச் சூடு. துரப்பணம் போட்டு எடுக்கலாம் என்று கிளம்பியவன் நல்லவேளையாக முதலில் மாமாவைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர், இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டார். படத்தை அனுப்பினேன்.

"டிரில்லத் தொடாத கண்ணு. கொஞ்சம் கோணினா ஹெட்டே போச்சு. நீட்டிட்டிருக்குதல்ல?"

"அரை இஞ்ச்கூட இல்லீங்க மாமா."

"அது போதும். அதுமேல ஒரு நட்ட வெச்சு உள்பக்கமா வெல்டு வை. சூடா இருக்கறப்பவே மெழுகுவர்த்திய அடியில தொடு, மெழுகு உருகி மரைக்குள்ள போகும். ஆறுனதுக்கு அப்பறம் திருகு. ஒரே பக்கமாத் திருகாத, முன்னயும் பின்னயும் ஆட்டிக் கொண்டா."

சின்ன வெல்டிங் மெஷின் ஒன்று நண்பனிடமிருந்து வாங்கி வந்தேன். முதல் நட் பிய்த்துக்கொண்டு வந்தது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், மெழுகு புகைந்துகொண்டிருக்கும்போதே, கீச்சென்று ஒரு சத்தம். மரை விட்டது. அந்தச் சத்தத்தை மாமாவுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் விட்டோமே என்று இன்றும் வருத்தம். மிச்சம் ஏழையும் இரண்டு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, சூடு காட்டித்தான் கழற்றினேன். எதுவும் ஒடியவில்லை.

கிளட்ச் வேலையை ஒரு கடையில் விசாரித்தேன். சொன்ன கூலியைக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் கேட்டது அநியாயமில்லை என்று செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சைலன்சர் இறங்க வேண்டும், பின்னாலிருந்து கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், நடுக்குழாயைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அதற்கப்புறம்தான் கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கைத் திறக்க முடியும். நாலு வார இறுதி. கியர்பாக்ஸைத் தனியாளாக இறக்காதீர்கள். வாடகைக்கு ஒரு கியர்பாக்ஸ் ஜாக், கூட ஒரு ஆள், இரண்டும் வேண்டும். ஜாக் ஸ்டாண்டை நாலு மூலையிலும் வைத்தபின் காரை நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் அடியில் போகும் முன்பே விழட்டும்.

உள்ளே என்ன இருந்தது? மறுபடியும் ரப்பர். இந்த வண்டியின் அசல் கிளட்ச் தட்டுக்கு நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர் வைத்திருந்தார்கள். அது வெயிலில் தார் ரோட்டில் இழுத்த செருப்பு மாதிரி பிசுபிசுத்து, துண்டுதுண்டாக ஹவுசிங்குக்குள் கிடந்தது. இப்போது ஸ்பிரிங் வைத்த தட்டு போட்டிருக்கிறேன். ரப்பர் நடுவோடு புதிதாகக் கிடைத்தாலும் வாங்க மாட்டேன்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த அன்று மார்ச் மாதம், வெளியே மைனஸ் எட்டு. சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் எடுக்கவில்லை. இந்த வண்டிக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது ஒரு ரிலேயைத்தான். என்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரன்ட் கொடுக்கிற அந்தக் குட்டிப் பெட்டியின் ஈயப் பற்றுகள் வயதானால் விரிந்துவிடும். புதிது போட்டேன். எடுக்கவில்லை. பிளக்கைப் பார்த்தேன், தீப்பொறி இல்லை. இரண்டு நாள் வயர் வயராகத் தடவினேன். மூன்றாம் நாள் பையன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். "அப்பா, அந்த முள் ஏன் அசையவே மாட்டேங்குது?" என்றான்.

ஆர்.பி.எம். முள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது கொஞ்சமாவது துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் என்ஜின் சுற்றுகிற சேதியே கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்று அர்த்தம். ஃபிளைவீலுக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று வேகத்தைப் படிக்கும், மற்றது கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும். இரண்டுக்கும் ஒரே மாதிரி வயர் பிளக். என்ஜினுக்குப் பின்னால், கை மட்டும் போகிற இடத்தில், கண்ணால் பார்க்காமல் நான் மாற்றி மாட்டியிருந்தேன். இடம் மாற்றி மாட்ட இரண்டு நிமிடம். அடுத்த திருகலில் என்ஜின் பிடித்துக்கொண்டது. கராஜ் முழுக்க வெள்ளைப் புகை, புகை அலாரம் அலறியது, மாடியிலிருந்து மனைவி ஓடி வந்தாள். கழற்றும்போதே ஒவ்வொரு பிளக்கிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தால் மூன்று நாள் மிச்சம். மற்ற எல்லாவற்றிலும் எழுதியிருந்தேன். இந்த இரண்டில்தான் "இதென்ன, தெரியாதா" என்று விட்டேன்.

ஓடத் தொடங்கியது. ஆனால் நோஞ்சான். மிதித்தால் கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) காட்டும் முள் 1.3-க்கு மேல் ஏறவில்லை. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் காரின் பூஸ்ட் மீட்டர் வெளியே இருக்கிற சாதாரணக் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. என்ஜின் நிற்கும்போதே முள் 1-ல் இருக்கும். கம்பெனி வைத்த உச்சம் 1.75 என்றால், டர்போ உண்மையில் கொடுப்பது 0.75 பார்தான். இது தெரியாமல் "என் காரில் 1.75 பார் பூஸ்ட்" என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டவன் நானே.

காற்று எங்கோ ஒழுகுகிறது. என்ஜினுக்குள் போகும் காற்றை முன்னால் ஒரு மடிப்புக் கதவு (காற்றுமானி) அளக்கிறது, அதற்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றுகிறது. அளந்த காற்று டர்போவைத் தாண்டியபின் வழியில் கசிந்தால் பெட்ரோல் மட்டும் மிச்சமாகிறது. அதுதான் கறுப்புப் புகை. சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பார்களே, அதே வேலையைக் காருக்குச் செய்ய வேண்டும். பிளம்பிங் கடையில் பி.வி.சி. மூடி ஒன்று வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தினேன். காற்றுமானியைக் கழற்றிவிட்டு டர்போவுக்குப் போகும் ரப்பர் வளைவின் வாயில் அந்த மூடியை கிளாம்ப் போட்டு முடுக்கினேன். கம்ப்ரசரிலிருந்து மெதுவாக 0.5 பார் வரை காற்று. அதற்கு மேல் அதிகம் ஏற்றாதீர்கள், ஆயில் சீல்கள் பிதுங்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் அடித்துக்கொண்டே போனேன். ரேடியோவை நிறுத்தினால் உஸ்ஸென்ற சத்தமே கேட்டது. த்ராட்டில் பக்கம் இன்டர்கூலர் குழாயின் ஓ-ரிங்கில் நுரை பொங்கியது. காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் வால்வுக்குள் சவ்வு கிழிந்திருந்தது. நான் புதிதாக மாட்டிய வாக்குவம் குழாய் ஒன்றில் கிளாம்ப் போட மறந்திருந்தேன். மூன்றையும் சரி செய்ய முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. செலவும் சொற்பம், கிழிந்த பிளாஸ்டிக் வால்வுக்குப் பதில் போட்ட உலோக வால்வுதான் கொஞ்சம் கடித்தது.

அன்று சாயங்காலம் நெடுஞ்சாலை ஏறுபாதையில் மூன்றாம் கியரில் மிதித்தேன். 3,000 சுற்று வரை ஒன்றுமில்லை, சாதாரண நாலு சிலிண்டர் வண்டி. அப்புறம் ஊரில் மலையேறும் லாரி விசிலடிக்குமே, அந்தச் சத்தம், முதுகில் ஒரு தள்ளு. முள் 1.75.

அழகுபடுத்துவதும் வேகம் கூட்டுவதும் இதற்கப்புறம்தான் வந்தன. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒழுகுகிற ரப்பரோடு பெரிய டர்போ மாட்டினால் ஒழுகலும் பெரிதாகும், அவ்வளவுதான். நான் முதலில் வாங்கியது பவருக்கான எதுவுமில்லை, காற்று–பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர். பூஸ்டில் அது 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மேல் போய்ப் பெட்ரோல் மெலிந்தால் உள்ளே நாக்கிங் (கலவை தாறுமாறாகத் தானே வெடிப்பது) தொடங்கிவிட்டது என்றே பயப்பட வேண்டும். நாக்கிங் வந்தால் இந்தக் காரின் இன்னொரு கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், பூஸ்டையும் குறைக்கும். ஆனால் அதை நம்பி ஓட்டுவது சீட் பெல்ட்டை நம்பி மரத்தில் மோதுவது மாதிரி. பிறகு என்ஜின் கம்ப்யூட்டரின் சிப் மாற்றினேன், 2.5 பார் பெட்ரோல் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு 3 பார் போட்டேன், பூஸ்ட் மீட்டரில் 1.9-ல் நிறுத்திக்கொண்டேன். 2.2 வரை போகலாம் என்று தைரியம் சொல்ல நண்பர்கள் உண்டு. ஹெட் கேஸ்கெட் எரிந்தால் வந்து படுத்துக் கழற்ற அவர்கள் வர மாட்டார்கள்.

சக்கர விஷயத்தில் ஏமாந்தது என் அவசரத்தால். 1986 வண்டியிலிருந்து கழற்றிய அழகான ரிம்கள் சல்லிசாகக் கிடைத்தன. ஐந்து போல்ட், 130 மி.மீ. வட்டம், எல்லாம் பொருந்தியது. மாட்டிப் பார்த்தால் டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. 1987-ல் ஏ.பி.எஸ். பொருத்த வசதியாக ரிம் உட்காரும் ஆழத்தை ஏறத்தாழ 3 செ.மீ. மாற்றிவிட்டார்கள். வருடம் ஒன்றுதானே தள்ளி என்று நினைத்தவனுக்கு நாலு ரிம் நஷ்டம். வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லித்தான் விற்றேன், அதனால் விலை இன்னும் இறங்கியது.

காரைத் தாழ்த்த வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இந்தக் காரில் முன்பக்க அலுமினியக் கைகளின் பால் ஜாயிண்ட், உயரத்தை அதிகம் குறைத்தால் கோணம் தாண்டி முறியும் என்பது பழகியவர்களுக்குத் தெரிந்த வியாதி. முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். ஆகவே ஒரு விரல்கடை அளவோடு நிறுத்தினேன். போட்டோவில் கொஞ்சம் உயரமாகத்தான் தெரிகிறது. போகட்டும்.

நம்பர் பிளேட் வாங்க பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். முதல் தடவை வண்டி தோற்றது. பரிசோதித்தவர் லிஃப்டில் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். பின்பக்க பிரேக் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. காலிப்பர் பிரித்துப் புதுப்பித்தேன், டிஸ்க் மாற்றினேன், பேடு மாற்றினேன், அந்த ஒரு சாண் ரப்பரை மட்டும் நன்றாகத்தான் இருக்கிறதென்று விட்டிருந்தேன்.

போன மாதம் அம்மா வந்திருந்தார்கள். பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஒன்டாரியோ ஏரிக்கரை வரை ஓட்டிப் போனேன், ரொம்ப மிதிக்காமல். திரும்பி வந்து என்ஜினை அணைத்தபின்னும் முன்னால் ஏதோ ரீங்காரம்.

"அணைச்சுட்டும் என்னமோ ஓடுதே?"

டர்போ சூடு தணிய ஒரு குட்டி மோட்டார் தண்ணீரைச் சுற்றவிடுகிறது, அரை நிமிடத்தில் தானே நின்றுவிடும் என்றேன். நிற்கும் வரை அம்மா இறங்கவில்லை. அப்புறம் டேஷ்போர்டைக் காட்டி, "இவ்வளவு தூரம் போயிட்டு வந்தோம், இந்த நம்பர் மாறவே இல்லையே" என்றார்கள்.

கிலோமீட்டர் காட்டும் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. புதுசு வாங்கி வைத்திருக்கிறேன், மேசை டிராயரில். மீட்டரைப் பிரிக்க வேண்டும், டிசம்பருக்கு ஆகட்டும்.